பெயரை மட்டும் மாற்றிய வலைத்தளம்

போன மாதம் பிரபா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த வலைத்தள அலுவலகத்தில் கடைசி இரண்டு வருடம் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவள். இப்போது தாம்பரத்தில் சொந்தமாக அதே தொழில் நடத்துகிறாள். "அக்கா, ஒரு கஸ்டமர் வந்திருக்கார். இன்னொரு கம்பெனி சைட்டைக் காட்டி அச்சு அசலா இதே மாதிரி வேணும்ங்கிறார். இப்போ அதுக்குன்னே சாஃப்ட்வேர் வந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல அப்படியே எடுத்துக் கொடுத்துடும். செய்யலாமா?"

செய்யாதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவளே, "இதை எழுதிக் கொடுத்துடுங்கக்கா, என்கிட்ட வேலை பார்க்கிறவங்களும் படிக்கட்டும்" என்றாள். எழுதுவதில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் தப்பு செய்தவள் நான்தான்.

என் ஊர் மணிமங்கலம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டருக்கு ஆள் வருவது நின்றதும் கம்ப்யூட்டரில் டி.டி.பி. கற்றுக்கொண்டு, படப்பை பக்கம் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கப் போனேன். அந்த வேலையில் வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு பழைய பத்திரிகையோடு வருவார்கள். "எங்க மச்சான் கல்யாணத்துக்கு அடிச்சது. இதே மாதிரி, பேரை மட்டும் மாத்திடுங்க" என்பார்கள். நானும் மாற்றிக் கொடுப்பேன். அந்த மச்சான் வந்து என் பத்திரிகையை ஏன் எடுத்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்னும் பெருமைதான் பட்டிருப்பார். இந்தப் பழக்கம் என் கையிலேயே ஊறிவிட்டது. அதுதான் பின்னால் வினையானது.

2006இல், நாற்பத்தெட்டு வயதில், ஸ்ரீபெரும்புதூரில் கோதண்டம் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது சுற்றுவட்டாரத்தில் மாதத்துக்கு ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மரப்பெட்டி அடிப்பவர்கள், வேன் ஓட்டுபவர்கள், விடுதி நடத்துபவர்கள், ஆள் அனுப்புபவர்கள் என்று ஆயிரம் பேருக்குத் திடீரென்று ஒரு வலைத்தளம் தேவைப்பட்டது. பெரிய கம்பெனிக்காரன் விசிட்டிங் கார்டை வாங்கிப் பார்த்து, "வெப்சைட் இல்லையா?" என்று கேட்டுவிட்டால் அவமானம் என்று நினைத்தார்கள்.

கோதண்டம் சார் இருபது வருடம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வலைத்தளம் செய்வதையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். ஆலைக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் அளந்து, நல்லதென்றால் பச்சைச் சீட்டு, ஆகாதென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்களாம். நாங்களும் அதையே செய்ய வேண்டும். வலைத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் காகிதத்தில் அச்செடுப்போம். ஒவ்வொரு படத்தின் மேலும், ஒவ்வொரு பத்தியின் மேலும் ஒரு சீட்டு ஒட்டவேண்டும். யார் எடுத்த படம், யார் எழுதிய வரி, கேட்டு வாங்கினோமா, அதற்குக் கடிதம் இருக்கிறதா என்று சீட்டில் எழுதவேண்டும். பதில் இல்லாததெல்லாம் சிவப்பு. ஒரு சிவப்பு இருந்தாலும் தளம் வெளியே போகாது.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு கண்டுபிடித்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்பார்.

2008 வாக்கில் மண்ணூரில் ஆண்கள் விடுதி நடத்திய ஒருவருக்குத் தளம் செய்தோம். அறைப் படங்களை அவரே சி.டி.யில் கொண்டுவந்து கொடுத்தார். நான் அடுக்கி அச்செடுத்து வைத்தேன். சார் ஒரு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெள்ளை விரிப்பு, பூச்சாடி, ஜன்னல் திரை. கண்ணாடி நெற்றிக்குப் போனது.

"வசந்தாம்மா, ஒரு சந்தேகம். ஜன்னலுக்கு வெளியில நீலமா தெரியுதே, என்னது அது?"

நான் பார்த்தேன். கடல்.

"மண்ணூருக்குக் கடல் எப்போ வந்துச்சு?"

விடுதிக்காரர் இணையத்தில் இறக்கிய படம் அது. நாங்கள் மூன்று நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். சார் மட்டும் சிரித்து முடித்ததும் சொன்னார்: "அந்தப் படத்தை எடுத்தவன் எங்கேயோ இருக்கான். அவனுக்குத் தெரியாதுங்கறதால அது நம்மது ஆயிடாது." நான் தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேன் என்று அப்போது நினைத்தேன்.

2011இல் தங்கமணி வந்தாள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். நிலத்தில் பாதி ரோட்டுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டது. கணவர் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நிற்கிறார். அவள் சில சின்ன ஆலைகளுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். இருபது பெண்கள் அவளிடம் வேலை பார்த்தார்கள். ஒரகடத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய ஆலை கேன்டீனுக்கு ஆள் தேடியது. விண்ணப்பத்தில் வலைத்தள முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது. கடைசித் தேதிக்கு ஐந்து நாள்.

"யக்கா, நம்ம ஏரியாவுல ஒருத்தரு பெரிய கேட்டரிங் வெச்சிருக்காரு, மதுரக்காரரு. அவரு சைட்டு சூப்பரா கீது. அந்த மாதிரி எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்கக்கா. இது கெடச்சா இன்னும் நாப்பது பொம்பளைங்களுக்கு வேலை குடுக்கலாம்."

அந்த வாரம் சார் ஊரில் இல்லை. மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று வேலூர் போயிருந்தார். நான் மதுரைக்காரரின் தளத்தைத் திறந்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது. வாழையிலைப் பச்சையில் பின்னணி, ஆவி பறக்கும் சாதம், உணவு தயாராகும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் ஒரு பக்கம். தொழிலாளிகளும் படிக்கட்டும் என்றோ என்னவோ, 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தை மட்டும் தமிழில் எழுதியிருந்தார்கள்.

நான் பக்கங்களை அப்படியே சேமித்தேன். பெயரை மாற்றினேன். முகவரியை மாற்றினேன். தொலைபேசி எண்ணை மாற்றினேன். சின்னத்தில் இருந்த வாழையிலையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் திருப்பினேன். அதையே பெரிய கைவேலையாக நினைத்துக்கொண்டேன். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஆண் பெயர் வந்த இடங்களில் பெண் பெயர் போட்டேன். பிறகு நானே அச்செடுத்து, நானே எல்லாவற்றுக்கும் பச்சைச் சீட்டு ஒட்டிக் கோப்பில் வைத்தேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. தங்கமணி லட்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து அவள் மூச்சு வாங்க அலுவலகப் படியேறி வந்தாள்.

"இன்னாக்கா இது? அந்தக் கம்பெனி ஆபீசரு, அப்ளிகேசன்ல நான் எழுதின நம்பருக்குப் போன் பண்ணிக்கினு, உங்க மதுர கிச்சன்ல எத்தினி பேரு வேலை செய்றாங்கன்னு கேக்கறாரு. நான் மதுரைக்குப் போனதே கெடையாது. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல."

கடைசிப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், 'எங்கள் மதுரை சமையற்கூடம்' என்று ஒரு வரி. நான் கவனிக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை. மறுநாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. முதல் எதிராளி தங்கமணி. இரண்டாவது நாங்கள்.

நடந்தது இதுதான். அந்த அதிகாரிக்கு மதுரைக்காரரையும் தெரியும். அவரும் அதே கேன்டீனுக்கு விண்ணப்பித்திருந்தார். அதிகாரி அவரிடம், "உங்க இன்னொரு கம்பெனி பேர்லயும் போட்டிருக்கீங்க போல" என்று கேட்டிருக்கிறார். அவர் போய்ப் பார்த்திருக்கிறார்.

சார் வேலூரிலிருந்து திரும்பியிருந்தார். நோட்டீஸை அவர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். டீ சொன்னார். ஓர் இயந்திர வரைபடத்தைப் படிப்பதுபோல வரி வரியாக விரல் வைத்து இரண்டு முறை படித்தார். கோப்பை எடுத்தார். நான் ஒட்டிய பச்சைச் சீட்டுகளைப் பார்த்தார். அவற்றைக் கிழிக்கவில்லை. புதிதாக அச்செடுக்கச் சொல்லி, இரண்டு கட்டுச் சீட்டையும் என் முன்னால் தள்ளினார்.

"இப்போ மறுபடியும் ஒட்டுங்க. நம்மது எது, அவங்களது எது?"

நான் ஒட்டினேன். இருபத்து மூன்று சிவப்பு. மூன்றே பச்சை: பெயர், முகவரி, தொலைபேசி எண்.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு சந்தேகம் வசந்தாம்மா. தொலைபேசி எண்ல ஒரு இலக்கம் குறையுதே?"

அந்த நிமிடம் நான் அழுதுவிட்டேன். தனக்கு வந்த நோட்டீஸோடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தங்கமணி என்னைத் தேற்றவில்லை. அவளுக்கு நியாயமான கோபம். "நான் அந்த மாதிரின்னுதானேக்கா சொன்னேன்? அதையேவா தூக்கிக்கினு வந்து வெப்பீங்க?" என்றாள். நாற்பது வருட வேலையில் என்னிடம் யாரும் இவ்வளவு சரியாகச் சட்டம் பேசியதில்லை.

அன்றே வக்கீலிடம் போனோம். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு அருகில் சின்ன அலுவலகம் வைத்திருந்த ஓர் அம்மா. நான் கொண்டுபோன சாக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க பக்கத்துல உரிமை உள்ளதுன்னு எங்கேயும் போடலை மேடம்."

"போட வேண்டியதில்லை. எழுதின நிமிஷமே எழுதினவருக்கு உரிமை வந்துடும். பதிவு பண்ணணும்னுகூட அவசியமில்லை."

"கஸ்டமர்தான் அதே மாதிரி கேட்டாங்க."

"கேட்டவங்களும் பொறுப்பு, செஞ்சு கொடுத்தவங்களும் பொறுப்பு. அதனாலதான் நோட்டீஸ்ல ரெண்டு பேர்."

"அப்போ ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் செய்யவே கூடாதா?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "மேல மெனு, நடுவுல படம், கீழ போன் நம்பர். இது யாருக்கும் சொந்தமில்லை. உலகத்துல பாதி சைட் அப்படித்தான் இருக்கு. சமையல் முறையைப் படிப்படியா காட்டலாம்ங்கிற யோசனையும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனா அதைச் சொன்ன வார்த்தை அவரோடது. படம் அவரோடது, இல்ல எடுத்தவரோடது. உள்ளே இருக்கிற புரோகிராம் எழுதினவரோடது." என் பக்கம் பார்த்தார். "அதைச் செஞ்ச டிசைனர் பேர் புரோகிராம் வரிக்குள்ள இருக்காம். உங்க சைட்லயும் அவர் பேர் அப்படியே இருக்கு. நோட்டீஸோட மூணாவது பக்கம்."

தங்கமணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்கு. அது தனி. பேர் வேறயா இருந்தாலும் நிறம், சின்னம், மொத்தத் தோற்றம் பார்த்து ஜனங்க அவர் கம்பெனின்னு நினைச்சுட்டா, அவர் சம்பாதிச்ச நல்ல பேரை நாம பயன்படுத்திக்கிறோம்னு ஆகும். உங்க விஷயத்துல அந்த ஆபீசரே குழம்பிட்டார். அதைவிட என்ன சாட்சி வேணும்?"

அவர் சொன்னபடி செய்தோம். அன்று மாலையே தளத்தை எடுத்தோம். எடுப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று முழுசாக ஒரு பிரதி பத்திரப்படுத்தினோம், எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது என்று. கோபமாகப் பதில் எழுத வேண்டாம் என்றார். அவர்தான் எதிர்த் தரப்பு வக்கீலிடம் பேசினார். மதுரைக்காரர் நேரில் பார்க்கவேண்டும் என்றாராம். இதற்குள் ஆலை அதிகாரியும் தங்கமணியிடம், இந்த விவகாரம் முடிந்ததென்று பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தராவிட்டால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

மதுரைக்காரர் பெயர் சோலைமலை. ஒரகடம் போகும் வழியில் தகரக் கூரை போட்ட பெரிய சமையற்கூடம். ஆறடி உயரம், அகலத் தோள். சண்டை போடப்போகிறார் என்று பயந்துகொண்டே நான், சார், தங்கமணி மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். அவர் சண்டை போடவில்லை. எங்கள் தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தை அச்செடுத்து மடித்து வைத்திருந்தார். அதை விரித்து மேசையில் வைத்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"யாருங்க இந்த மல்லிகா?"

அவர் விரல் இருந்த வரியைக் குனிந்து பார்த்தேன்.

அவருடைய பக்கத்தில் இருந்தது இது: ஊரிலிருந்து ஆலை வேலைக்கு வந்து மண்ணூரில் ஒரே அறையில் ஏழு பேராகத் தங்கியிருந்தபோது, நண்பன் முருகேசன் காய்ச்சலில் படுத்தான். அவனுக்கு வைத்த கஞ்சியில்தான் எங்கள் அடுப்பு தொடங்கியது. நான் முருகேசனை எடுத்துவிட்டு, தோழி மல்லிகா என்று போட்டிருந்தேன். வாயில் வந்த ஒரு பெயர்.

"ஆறு நாள் கஞ்சி வச்சேங்க. ஏழாம் நாள் எந்திரிச்சு ஒக்காந்து, 'டேய், நீ ஃபிட்டர் வேலைக்கு லாயக்கில்லடா, கடை போடு'ன்னான். அவென் சொல்லித்தான் போட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு இந்த ரோட்டுலயேதான் வண்டி அடிச்சுப் போயிட்டான்." அச்சுத் தாளை என் பக்கம் திருப்பினார். "படத்தை எடுத்தீங்க, கலரை எடுத்தீங்க, அதெல்லாம் வக்கீல் பாத்துக்குவாரு. அந்தக் கஞ்சி உங்களுக்கு எங்கிட்டிருந்துங்க வந்துச்சு?"

"தப்பு என்னுதுதான்" என்றேன். "தங்கமணிக்கு அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னே தெரியாது. நான்தான் பேரை மாத்தினேன்." சார் எனக்காகப் பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

சோலைமலை உள்ளே பார்த்து எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். இனி அவருடைய படம், எழுத்து, சின்னம் எதையும் எந்த வடிவிலும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். புதுத் தளம் போடுவதற்கு முன் அவரிடம் காட்டவேண்டும். அது சரியாக இருந்தால், விவகாரம் முடிந்தது என்று அவர் எழுதிக் கொடுப்பார். நஷ்டஈடு வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் சார் ஒன்றுதான் சொன்னார். "கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதை எல்லாம் எடுத்துட்டு வந்துட்டீங்க. இப்போ போய்க் கேளுங்க."

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் தங்கமணியின் சமையற்கூடத்தில் இருந்தேன். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தேன். முதல் நாள் அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. நான் வெங்காயம் உரித்தேன். இரண்டாம் நாள், இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது ஒரு கூத்துக்கா" என்றாள். "எங்கூட்டுக்காரரு கம்பெனிக்குப் போகசொல்ல கேரியர் குடுத்து அனுப்புவேன். சாயந்திரம் கேரியர் காலியா வரும், ஆனா மனுசன் பசி பசின்னு வருவாரு. வந்ததும் வராததுமா பானையைத் தொறப்பாரு. வவுத்துல ஏதோ பூச்சி கீதுன்னு நெனச்சி டாக்டராண்ட கூட்டிக்கினு போனேன். அங்கதான் உண்மையச் சொன்னாரு. லைன்ல கீறவங்கோ நாலு பேரு டெய்லி இவரு சாப்பாட்டைத் திருடித் தின்னுப்புடுவாங்களாம். இவரு வெக்கப்பட்டுக்கினு சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அஞ்சு பேருக்கா ஆக்கி அனுப்பிச்சேன். அடுத்த மாசம் அந்த நாலு பேரே வூட்டுக்கு வந்து, யக்கா, நாங்க துட்டு குடுத்தே சாப்பிடறோம்னாங்கோ."

நான் நோட்டை மூடிவிட்டுச் சிரித்தேன். சமையற்கூடமே சிரித்தது. அந்தப் பெண்களுக்கு இது பலமுறை கேட்ட கதை. நான் மட்டும்தான், முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் கதையை, கேட்காமல் இன்னொருவர் வீட்டில் போய்த் திருடியிருந்தேன்.

புதுத் தளத்துக்குப் படமெல்லாம் அங்கேயே எடுத்தோம். நிறம், அவள் அடுப்பங்கரைச் சுவரின் செங்காவி. படங்களில் இருந்த பெண்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். 'எங்களைப் பற்றி' பக்கம் இப்படித் தொடங்கியது: 'எங்களுடைய முதல் வாடிக்கையாளர்கள் நான்கு திருடர்கள்.' சார் அச்சுப் பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாக எண்ணினார். எல்லாப் பச்சைச் சீட்டையும் அவரே ஒட்டினார்.

சோலைமலையிடம் கொண்டுபோனோம். முதல் வரியைப் படித்தார். நிமிர்ந்து தங்கமணியைப் பார்த்தார். மறுபடி படித்தார். அந்தப் பெரிய தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "இம்புட்டு நல்ல கதையை வீட்ல வச்சுக்கிட்டு, ஏங்க எங்கிட்ட வந்து எடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார். அங்கேயே பேனா வாங்கி, விவகாரம் முடிந்தது என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

பதினான்காவது நாள் கடிதம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கமணியின் விண்ணப்பம் மறுபடி பட்டியலில் ஏறியது.

அடுத்த வாரம் ஆலையில் ருசி பார்க்கும் நாள். மூன்று பேர் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி, சோலைமலை, தங்கமணி. நான் அவளுக்கு உதவியாகப் போயிருந்தேன். பரிமாறத் தெரிந்தவள் என்பதால் இல்லை. அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தொழிலாளர்களில் பத்துப் பேரும் அதிகாரிகளில் நாலு பேரும் தட்டோடு மேசைக்கு மேசை நகர்ந்தார்கள். அந்த அதிகாரி தங்கமணி மேசைக்கு வந்ததும் முதலில் கேட்டது, "அந்தத் திருடன் கதை நிஜமாம்மா?" என்றுதான். அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டார்.

மாலை நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். கேன்டீன் தங்கமணிக்கு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சோலைமலை தன் பாத்திரங்களை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு தட்டை எடுத்து, அவரே கொஞ்சம் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டார். அவசரமில்லாமல் சாப்பிட்டார். தட்டைக் கீழே வைத்தார்.

"அக்கா, அந்தப் பழைய சைட்டு இருந்தப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இப்பத்தான் பயமா இருக்கு. இன்னைலருந்து நீங்கதான் எனக்குப் போட்டி."

தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நாளைலேர்ந்து நீங்களும் நல்லா ஆக்குங்கண்ணே" என்றாள்.